வீட்டுக் கணினியில் சொந்த இணையதளம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்குள்ள பதில்கள் ஒரு தனிநபரின் தளத்துக்கானவை. கட்டுரைகள், படங்கள், தன்விவரப் பக்கம் என்ற அளவுதான். தமிழ்நாட்டு வீடு ஒன்றில் ஃபைபர் இணைப்பு, இணைய நிறுவனம் கொடுத்த ரவுட்டர், லினக்ஸ் போடத் தோதான ஒரு கணினி இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறோம். பணம் வாங்கி வியாபாரம் செய்யும் தளம் என்றால் வீட்டில் வைக்காதீர்கள்.

முதலில் எதை வாங்க வேண்டும்?

எதையும் வாங்க வேண்டாம். இந்த வேலை பாதியில் நிற்பது பெரும்பாலும் கணினியால் அல்ல; வெளியிலிருந்து உங்கள் வீட்டுக்குள் வர வழியே இல்லாததால்தான். அந்த வழி இருக்கிறதா என்று ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து வெளி இணைப்பைக் காட்டும் 'வேன்' என்ற பகுதியில் இருக்கும் ஐபிவி4 முகவரியை (இணையத்தில் உங்கள் இணைப்பைக் குறிக்கும் எண்) குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே வைஃபையில் இருந்தபடி, உங்கள் ஐபி என்ன என்று காட்டும் தளம் ஒன்றில் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களுக்குப் பொது ஐபி இருக்கிறது. பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ரவுட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். ஐபிவி4 முகவரிகள் போதாததால் ஒரே பொது முகவரியை நிறுவனம் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் ஏற்பாடு இது. அதற்கென்றே அந்த எண் வரிசையை 2012இல் ஒதுக்கினார்கள். அந்தப் பொது முகவரிக்கு யாராவது வந்து கதவைத் தட்டினால், எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று நிறுவனத்தின் கருவிக்குத் தெரியாது. உங்கள் ரவுட்டரில் என்ன மாற்றினாலும் இது சரியாகாது.

10, 192.168, அல்லது 172.16 முதல் 172.31 வரை என்று இருந்தால் அவசரப்பட்டு சிஜிநாட் என்று முடிவு கட்டாதீர்கள். நிறுவனத்தின் ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் நீங்களே இன்னொரு ரவுட்டர் வாங்கி மாட்டியிருந்தாலும் இப்படித்தான் காட்டும். ஃபைபர் பெட்டியின் பக்கத்தில் நுழைந்து அங்குள்ள வேன் முகவரியைப் பாருங்கள். அது பொது முகவரியாக இருந்தால், பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு (ரவுட்டர் வேலை செய்யாமல் இணைப்பை மட்டும் கடத்தும் முறை) மாற்றும்படி நிறுவனத்திடம் சொன்னால் போதும்.

முகவரி காட்டும் தளம் முக்காற்புள்ளிகள் நிறைந்த நீளமான எண்ணைக் காட்டினால் அது ஐபிவி6. இந்த ஒப்பீட்டுக்கு அது உதவாது; ஐபிவி4ஐத் தனியாகக் காட்டும் தளத்தில் பாருங்கள்.

சிஜிநாட்தான் என்று தெரிந்துவிட்டது. இனி என்ன?

நான்கு வழிகள் உண்டு.

நேரடியானது, நிறுவனத்திடம் நிலையான ஐபி கேட்பது. கூடுதல் கட்டணம் வாங்குவார்கள்; சில இடங்களில் வணிகத் திட்டத்துக்கு மாறச் சொல்வார்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசுகிறவருக்கு இது புரியாமல் போகலாம். இணைப்புக் கொடுத்த உள்ளூர்க்காரரிடம் கேட்டால் சீக்கிரம் விடை கிடைக்கும்.

இரண்டாவது ஐபிவி6. இதில் பங்கிடும் தொல்லை இல்லை. கணினிக்கே நேரடிப் பொது முகவரி வரும். ஆனால் ஐபிவி4 மட்டும் உள்ள இணைப்பிலிருந்து வருகிறவர்களுக்குத் தளம் திறக்காது. அலுவலகங்கள், பழைய இணைப்புகள் பலவும் இன்னும் அப்படித்தான். வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலிலும் வழி திறக்க வேண்டும். நிறுவனம் கொடுக்கும் சில ரவுட்டர்களில் அதற்கான இடமே இருக்காது. இன்னொன்று: கணினிக்கு ஒரே நேரத்தில் பல ஐபிவி6 முகவரிகள் இருக்கும். 'டெம்பரரி' என்று குறித்திருப்பது தானாக மாறிவிடும். அதை டொமைனில் (உங்கள் தளத்தின் பெயர்) போட்டால் தளம் இன்று திறக்கும், நாளை திறக்காது.

மூன்றாவது டனல். கிளவுட்ஃப்ளேர் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் 'கிளவுட்ஃப்ளேர்டு' என்ற சிறு நிரலை வீட்டுக் கணினியில் ஓடவிட்டால், அது உள்ளிருந்து வெளியே ஓர் இணைப்பைப் போட்டு வைத்துக்கொள்ளும். பார்வையாளர்கள் அந்த இணைப்பு வழியாக வருவார்கள். ரவுட்டரில் போர்ட் (வெளியார் நுழையும் எண்ணிட்ட வாசல்) எதையும் திறக்க வேண்டாம், உங்கள் வீட்டு ஐபியும் வெளியே தெரியாது, தனிநபர் தளத்துக்குப் பணமும் கட்ட வேண்டாம். டொமைன் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் நேம்சர்வரை அவர்களிடம் மாற்ற வேண்டும். மறைகுறியாக்கம் அவர்கள் கணினியில் அவிழ்ந்து மீண்டும் பூட்டப்படுகிறது என்பதால், தளத்துக்கு வந்துபோகும் அத்தனையும் அவர்கள் கண்ணில் படும். பொதுவில் படிக்கக் கொடுத்த கட்டுரைகளுக்கு இது ஒரு பொருட்டில்லை. கடவுச்சொல் போட்டு நுழையும் குடும்ப ஆல்பத்துக்கு யோசிக்க வேண்டிய விஷயம்.

நான்காவது, மாத வாடகைக்குச் சின்னதாக ஒரு விபிஎஸ் (வெளியில் ஒரு நிறுவனத்திடம் ஓடும் வாடகைக் கணினி) எடுத்து, அதிலிருந்து வீட்டுக்கு வயர்கார்டு என்ற மறைகுறியாக்கிய தனி இணைப்புப் போடுவது. வீட்டுப் பக்கத்து அமைப்பில் 'பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ்' மதிப்பை 25 நொடி என்று வைக்க மறந்தால், சற்று நேரம் யாரும் வராதபோது இணைப்பு செத்துவிடும். விபிஎஸ்சே எடுத்த பிறகு தளத்தை அதிலேயே வைக்கலாமே என்று கேட்டால், நியாயமான கேள்விதான். படங்கள் நூற்றுக்கணக்கான ஜிபி இருந்தால் மட்டும் இந்த ஏற்பாடு கட்டுப்படியாகும்.

சிஜிநாட்டில் இருக்கும் புதியவருக்கு எங்கள் பரிந்துரை டனல்தான்.

பழைய லேப்டாப் போதுமா, ராஸ்பெர்ரி பை என்ற கையகலக் கணினி வாங்கலாமா?

பத்து வருடப் பழைய லேப்டாப்பே தாராளம். 4 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி இருந்தால் நிலையான பக்கங்களை (எழுதி வைத்தபடியே பரிமாறப்படுபவை) அது அலட்டிக்கொள்ளாமல் தரும். மூடியைச் சாத்தினால் தூங்கிவிடாமல் இருக்க, லினக்ஸின் லாகின்டி அமைப்புக் கோப்பில் 'ஹேண்டில் லிட் ஸ்விட்ச்' என்பதை 'இக்னோர்' என்று மாற்றுங்கள். கணினி துவங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில் வசதி இருந்தால் பேட்டரி சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்துங்கள். எப்போதும் மின்சாரத்திலேயே கிடக்கும் பழைய பேட்டரி உப்பிவிடும். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தால் அதுதான் அறிகுறி. அன்றே பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

கரண்ட் கணக்கைப் பார்த்துவிடுங்கள். 60 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப் இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதத்தில் 86 யூனிட். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் 100 இலவச யூனிட்டில் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடும். 5 வாட் இழுக்கும் ராஸ்பெர்ரி பை அதே காலத்தில் 7 யூனிட் சொச்சம்தான். லேப்டாப் இரண்டுக்கும் நடுவில்.

பை வாங்கினால் மெமரி கார்டில் ஓட்டாதீர்கள். நடப்பதையெல்லாம் குறித்து வைக்கும் லாக் கோப்புகள் ஓயாமல் எழுதப்படுவதால் கார்டு தேய்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கோப்பு அமைப்பே குலைந்துபோகும். யுஎஸ்பி வழியாக ஒரு எஸ்எஸ்டி மாட்டிக்கொள்ளுங்கள். பவர் அடாப்டரிலும் சிக்கனம் வேண்டாம். பை 4க்கு 5.1 வோல்ட் 3 ஆம்பியர், பை 5க்கு 5 ஆம்பியர் தேவை. கைபேசி சார்ஜரில் ஓட்டினால் திரையின் மூலையில் மின்னல் குறி தெரியும். மின்னழுத்தம் போதவில்லை, வேகத்தைக் குறைத்துக்கொண்டேன் என்பது அதன் பொருள்.

கரண்ட் போனால்?

லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது. மறந்துபோவது ரவுட்டரை. ரவுட்டருக்கென்றே சின்ன டிசி யுபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது. வாங்குமுன் ரவுட்டர் அடாப்டரின் முதுகில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பாருங்கள். 12 வோல்ட் 2 ஆம்பியர் கேட்கும் ரவுட்டரை 1 ஆம்பியர் யுபிஎஸ்ஸில் மாட்டினால், வைஃபையில் நாலு பேர் சேர்ந்ததும் அணைந்து எரியும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதை யுபிஎஸ் முறையில் வையுங்கள். சாதாரண முறையில், மின்சாரத்திலிருந்து பேட்டரிக்கு மாறும் கண நேர இடைவெளியில் கணினி அணைந்து மறுபடி துவங்கிவிடலாம். உங்கள் வீட்டில் எல்லாம் எரிந்தாலும், கேபிள்காரரின் கருவி இருக்கும் இடத்தில் பேட்டரி இல்லாவிட்டால் இணைப்பு போகத்தான் செய்யும். அதற்கு உங்களால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

டெஸ்க்டாப் என்றால் பயாஸில் 'ஏசி பவர் ரெகவரி' என்பதை 'ஆன்' ஆக்குங்கள். இல்லாவிட்டால் கரண்ட் வந்த பிறகும் யாராவது பொத்தானை அழுத்தும்வரை அது சும்மா கிடக்கும்.

எந்த மென்பொருள் போடுவது? விண்டோஸிலேயே செய்யக்கூடாதா?

செய்யலாம், ஆனால் அப்டேட் என்று சொல்லி நடு இரவில் தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும். டெபியன் அல்லது உபுண்டு சர்வர் என்ற லினக்ஸைப் போடுங்கள்.

பக்கங்களைப் பரிமாறும் வெப் சர்வருக்கு கேடி அல்லது என்ஜின்எக்ஸ். முதல்முறை செய்கிறவர் கேடியில் ஆரம்பிப்பது நல்லது. அமைப்புக் கோப்பில் டொமைன் பெயர், கோப்புறை எது, கோப்புகளை அப்படியே பரிமாறு என்ற மூன்று வரிகள் போதும். பாதுகாப்பான இணைப்புக்கான சான்றிதழையும் அதுவே வாங்கிப் புதுப்பித்துக்கொள்ளும். என்ஜின்எக்ஸுக்கு உதவிக் குறிப்புகள் அதிகம், கட்டுப்பாடும் அதிகம்.

ரவுட்டரில் என்ன மாற்ற வேண்டும்?

டனல் போட்டவர்கள் இதைத் தாண்டிச் செல்லலாம்.

சர்வர் கணினிக்கு எப்போதும் ஒரே உள் முகவரி கிடைக்கும்படி டிஹெச்சிபி ரிசர்வேஷன் செய்யுங்கள், 192.168.1.50 என்று வைத்துக்கொள்வோம். இதைச் செய்யாமல் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து ஒரு போர்ட்டுக்கு வருவதை உள்ளே ஒரு கணினிக்கு அனுப்புவது) செய்தால், ரவுட்டர் மறுதொடக்கம் ஆன அன்று அந்த எண் டிவிக்குப் போய்விடலாம். பிறகு இணையதளத்துக்கான 80, 443 ஆகிய இரண்டு டிசிபி போர்ட்களை மட்டும் அந்த முகவரிக்கு அனுப்புங்கள். 'டிஎம்இசட்' என்ற பொத்தானைத் தொடாதீர்கள். அது அத்தனை போர்ட்களையும் திறந்துவிடும்.

வெளியிலிருந்து உங்கள் ஐபியைத் திறந்தால் தளத்துக்குப் பதில் ரவுட்டரின் நுழைவுப் பக்கம் வருகிறதா? ரவுட்டரை வெளியிலிருந்து நிர்வகிக்கும் ரிமோட் மேனேஜ்மென்ட் வசதி 80ஐப் பிடித்து வைத்திருக்கிறது. அதை உடனே அணையுங்கள். தளம் இல்லாவிட்டாலும் அணைக்க வேண்டிய விஷயம் அது.

ஐபி அடிக்கடி மாறுகிறதே?

பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் ஏற்பாடு டிஎன்எஸ்; முகவரி மாறும்போதெல்லாம் அதைத் திருத்தும் டைனமிக் டிஎன்எஸ் பயன்படுத்துங்கள். டக்டிஎன்எஸ் இலவசம், கணினியில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் ஒரு வரி கிரான் வேலை புதிய முகவரியை அங்கே பதிந்துவிடும். சொந்த டொமைன் இருந்தால், ஏபிஐ (நிரல் மூலம் மாற்றும்) வசதி தரும் டிஎன்எஸ் நிறுவனத்தில் வைத்து ஏ பதிவை (டொமைனின் ஐபிவி4 முகவரி) நேரடியாக மாற்றுவது இன்னும் சுத்தம். அந்தப் பதிவை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று சொல்லும் டிடிஎல் மதிப்பை 300 நொடியாகக் குறைத்து வையுங்கள். அது ஒரு நாளாக இருந்தால், முகவரி மாறிய பிறகும் சிலர் ஒரு நாள் முழுக்கப் பழைய முகவரிக்கே போவார்கள்.

டொமைன் பெயரைத் தமிழிலேயே வைக்கலாமா?

வைக்கலாம். .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் ஆகியவை தமிழ் எழுத்திலேயே புழக்கத்தில் உள்ளன. ஆனால் டிஎன்எஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது. பெயர் ப்யூனிகோட் என்ற ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றப்பட்டே பதிவாகிறது. என்ஜின்எக்ஸின் 'சர்வர் நேம்' வரியில் அந்தக் கோவையைத்தான் எழுத வேண்டும். தமிழில் எழுதினால் பொருந்தாமல், சர்வரின் இயல்பான வரவேற்புப் பக்கம் வந்து நிற்கும்.

முகவரிப் பட்டையில் பூட்டு வர என்ன செய்வது?

லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகச் சான்றிதழ் தருகிறது. கேடி தானே வாங்கும். என்ஜின்எக்ஸுக்கு செர்ட்பாட் என்ற நிரல் வேண்டும். வழக்கமான சான்றிதழ் 90 நாள் செல்லும். காலாவதியாகப் போகிறது என்று நினைவூட்டும் மின்னஞ்சலை 2025இல் நிறுத்திவிட்டார்கள். எனவே செர்ட்பாட்டின் 'ட்ரை ரன்' சோதனையை ஒருமுறை ஓட்டி, புதுப்பித்தல் வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

டொமைன் உங்களுடையதுதானா என்று வழக்கமாக 80ஆம் போர்ட் வழியே சோதிப்பார்கள். நிறுவனம் 80ஐ அடைத்திருந்தால் அது தோற்கும். கேடி 443 வழியாகவும் முயலும். செர்ட்பாட்டுக்கு அது தெரியாது, டொமைனின் டிஎன்எஸ் பதிவு வழியான சோதனைக்கு மாற வேண்டும். தோற்கத் தோற்க ஆத்திரத்தில் திரும்பத் திரும்ப முயலாதீர்கள். ஒரு பெயருக்கு ஒரு மணி நேரத்தில் ஐந்து முறை தோற்றால் கதவைச் சாத்திவிடுவார்கள். ஒத்திகைக்கு 'ஸ்டேஜிங்' சர்வர் இருக்கிறது.

வெளியில் திறக்கிறது, வீட்டு வைஃபையில் திறக்கவில்லை. ஏன்?

வீட்டுக்குள்ளிருந்து வெளி முகவரிக்குப் போய் மீண்டும் உள்ளே திரும்பும் ஹேர்பின் நாட் வசதி உங்கள் ரவுட்டரில் இல்லை. தளத்தில் குறை எதுவும் இல்லை. சோதிக்கும்போது எப்போதும் கைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள். வீட்டுக்குள்ளும் திறந்தே ஆக வேண்டுமென்றால் உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் டொமைனுக்கு உள் முகவரியைக் கொடுங்கள்.

பக்கம் வரவில்லை. எங்கே கோளாறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பிழைச் செய்தியே பாதி சொல்லிவிடும். நெடுநேரம் சுற்றிவிட்டு 'டைம்அவுட்' என்று வந்தால் கோரிக்கை கணினியை எட்டவேயில்லை: சிஜிநாட், ரவுட்டர், ஃபயர்வால் என்ற வரிசையில் பாருங்கள். உடனே 'ரெஃப்யூஸ்ட்' என்று வந்தால் அநேகமாகக் கணினி வரை வந்தாயிற்று, அந்தப் போர்ட்டில் கேட்க ஆளில்லை. வெப் சர்வர் ஓடவில்லை என்று பொருள்.

403 வந்தால் கோப்பைப் படிக்க சர்வருக்கு அனுமதி இல்லை. உபுண்டுவில் இதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். 21.04 பதிப்பிலிருந்து பயனரின் ஹோம் கோப்புறைக்கு 750 என்ற அனுமதி வைக்கிறார்கள். அதற்குள் இருக்கும் எதையும் என்ஜின்எக்ஸ் எட்டிப்பார்க்க முடியாது. தளக் கோப்புகளை ஹோமில் வைக்காமல் 'வார்' கோப்புறைக்குள் வையுங்கள். எல்லாவற்றுக்கும் 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) கொடுத்துவிடும் குறுக்குவழி வேண்டாம்.

502 வந்தால் முன்னால் நிற்கும் சர்வர் நலம், பின்னால் ஓட வேண்டிய நிரல் செத்துவிட்டது. டனல் போட்டவர்களுக்கு 1033 என்று வந்தால் கிளவுட்ஃப்ளேர்டு நிரலே ஓடவில்லை.

தமிழ் எழுத்துகள் குப்பையாக வருகின்றன.

கட்டம் கட்டமாக வந்தால் பார்ப்பவரின் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. தலையில் கொம்பு முளைத்த லத்தீன் எழுத்துகள் வரிசையாக வந்தால் குறியாக்கம் தவறு: யூடிஎஃப்-8இல் இருப்பதை உலாவி வேறு எதுவாகவோ எடுத்துக்கொண்டது. எச்டிஎம்எல் பக்கத்தில் குறியாக்கம் எது என்று சொல்லும் சார்செட் வரியை முதல் 1024 பைட்டுக்குள் போட வேண்டும். அந்த வரிக்கு இடமில்லாத வெறும் உரைக் கோப்புகளுக்கு, என்ஜின்எக்ஸ் அமைப்பில் 'சார்செட் யூடிஎஃப்-8' என்று ஒரு வரி சேருங்கள்.

கோப்புப் பெயரைத் தமிழில் வைத்தால் வேறொரு கண்ணி இருக்கிறது. 'கொடி' என்ற சொல்லில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. லினக்ஸுக்கோ இரண்டும் வெவ்வேறு கோப்புகள். கோப்பு ஒரு விதமாகவும் இணைப்பு இன்னொரு விதமாகவும் இருந்தால், கோப்பு இல்லை என்று 404 வரும். எத்தனை முறை உற்றுப்பார்த்தாலும் காரணம் தெரியாது. போதாததற்கு, முகவரியை நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்தாக விரியும். 'தமிழ்' என்ற ஒரு சொல்லே 45 எழுத்து. தலைப்பு தமிழில் இருக்கட்டும், கோப்புப் பெயர் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும்.

ஒரே நேரத்தில் எத்தனை பேர் வரலாம்?

அப்லோட் வேகத்தைப் பாருங்கள். விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருப்பது டவுன்லோடாக இருக்கலாம். 20 எம்பிபிஎஸ் அப்லோட் என்றால் நொடிக்கு 2.5 எம்பி. அரை எம்பி பக்கம் என்றால் நொடிக்கு ஐந்து பேர். தனிநபர் தளத்துக்கு அது ஏராளம். ஆனால் கைபேசியில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே போட்டால் ஒரு படத்துக்கே ஒன்றரை நொடி போய்விடும், வீட்டில் வீடியோ காலும் திக்கும். 1600 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து வெப்பி என்ற பட வடிவத்துக்கு மாற்றுங்கள்.

வீட்டு இணைப்பில் சர்வர் ஓட்டுவதை நிறுவனம் ஏற்குமா?

ஒப்பந்தத்தைப் படியுங்கள். வீட்டுத் திட்டங்களில் சர்வர் கூடாது என்று எழுதியிருக்கும் நிறுவனங்கள் உண்டு.

யாராவது உள்ளே புகுந்துவிட்டால்?

போர்ட்டைத் திறந்த சற்று நேரத்திலேயே லாக்கில் விசித்திரமான கோரிக்கைகள் வரத் தொடங்கும். உங்களிடம் இல்லாத வேர்ட்பிரஸ் (தளம் நடத்தும் மென்பொருள்) நுழைவுப் பக்கம், கடவுச்சொற்கள் இருக்கக்கூடிய மறைகோப்புகள் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இணையம் முழுவதையும் துழாவும் தானியங்கிகள் அவை. உங்களைக் குறிவைத்து வருவதில்லை. வெறும் எச்டிஎம்எல் தளத்துக்கு 404 கொடுத்து அனுப்பினால் போதும்.

ஆபத்து, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைந்து கட்டளையிட உதவும் எஸ்எஸ்ஹெச்சில்தான். அதன் போர்ட்டான 22ஐ வெளியே திறக்காதீர்கள். வெளியூரிலிருந்து நுழைய வேண்டுமென்றால் டெய்ல்ஸ்கேல் அல்லது வயர்கார்டு என்ற தனி இணைப்பு வழியாக வாருங்கள். கடவுச்சொல் நுழைவை அணைத்து கீ (உங்கள் கணினியில் இருக்கும் சாவிக் கோப்பு) மட்டும் வையுங்கள். தானியங்கிப் பாதுகாப்பு அப்டேட்டை இயக்குங்கள். ரவுட்டரில் யுபிஎன்பியை (வீட்டுக் கருவிகள் தாமாகவே போர்ட் திறந்துகொள்ளும் வசதி) அணையுங்கள்.

டாக்கர் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க: யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் அடைத்து வைத்த போர்ட்டையும் டாக்கர் திறந்துவிடும், ஏனென்றால் அது ஃபயர்வால் விதிகளைத் தானே எழுதிக்கொள்கிறது. தரவுத்தளம் போன்றவற்றின் போர்ட்டை, அதே கணினிக்குள் மட்டும் எட்டும் 127.0.0.1 முகவரியோடு சேர்த்தே எழுதுங்கள்.

வேர்ட்பிரஸ் போடலாமா?

போடலாம். பிஹெச்பி, தரவுத்தளம், ப்ளக்இன்கள் அத்தனையையும் அப்டேட் செய்துகொண்டே இருக்கும் பொறுப்பும் உங்கள் தலையில் விழும். மாதம் இரண்டு கட்டுரை எழுதுகிறவருக்கு ஹ்யூகோ போன்ற கருவியில் செய்த நிலையான பக்கங்களே மேல்.

மின்னஞ்சல் சர்வரும் சேர்த்து வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். மின்னஞ்சல் போகும் 25ஆம் போர்ட்டைப் பெரும்பாலும் அடைத்திருப்பார்கள். திறந்திருந்தாலும் வீட்டு ஐபியிலிருந்து போகும் கடிதம் ஸ்பேமில் விழும், அல்லது போய்ச் சேரவே சேராது.

காப்புப் பிரதி எப்படி?

தளத்தை உங்கள் தினசரிக் கணினியில் உருவாக்கி, ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் சர்வருக்கு அனுப்பும் பழக்கம் இருந்தால் சர்வரில் இருப்பதே இரண்டாவது பிரதி. மூன்றாவதை வீட்டுக்கு வெளியே வையுங்கள். இடி விழுந்தால் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டிய எல்லாமே சேர்ந்து போகும். தளக் கோப்புகளோடு வெப் சர்வரின் அமைப்புக் கோப்பு, கிரான் வரிகள், டிஎன்எஸ் பதிவுகளின் பட்டியல் ஆகியவற்றையும் எடுத்து வையுங்கள். தரவுத்தளம் இருந்தால் அதன் கோப்புகளை நகலெடுப்பது பயன்தராது; டம்ப் (உள்ளிருக்கும் தரவைத் தனிக் கோப்பாக எழுதி எடுப்பது) எடுக்க வேண்டும். எடுத்ததை இன்னொரு கணினியில் ஒருமுறை விரித்துப் பார்த்தால்தான் அது பிரதி.

பத்து நாள் ஊருக்குப் போகிறோம். அணைத்துவிட்டுப் போகவா?

அணைக்க வேண்டியதில்லை, ஆனால் கிளம்புமுன் மெயின் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள். கணினியும் ரவுட்டரும் வெப் சர்வரும் கை படாமல் தாமாக எழுந்து, மொபைல் டேட்டாவில் தளம் திறக்க வேண்டும். பெரிய அப்டேட் எதையும் அன்று செய்யாதீர்கள். இலவசக் கண்காணிப்புச் சேவை ஒன்றில் தளத்தைச் சேர்த்து வைத்தால் நின்றுபோனது கைபேசிக்குத் தெரிந்துவிடும். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போவதாக இருந்தால், எந்த சுவிட்ச் என்று ஒரு காகிதத்தில் எழுதி ரவுட்டருக்கு மேலேயே ஒட்டிவிடுங்கள்.